நாபாவா, சொனோமாவா: மலைக்கு இருபுறமும் இரண்டு பண்ணை உணவகங்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால், ஒரு சனிக்கிழமை நாபா, சொனோமா என்ற ஒயின் நாட்டுப் பக்கம் வண்டி கிளம்பிவிடும். எந்தத் தோட்டத்தில் ஒயின் ருசிப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பகல் ஒரு மணிக்குப் பசி எடுத்ததும் போனில் தேடி, இடம் கிடைத்த கடையில் நுழைவதுதான் வழக்கம். அந்தப் பக்கம் பெரும்பாலான உணவகங்கள் தங்களை ‘ஃபார்ம் டு டேபிள்’, அதாவது பண்ணையிலிருந்து நேராக மேசைக்கு, என்றே சொல்லிக்கொள்கின்றன. பழைய மரப்பலகைச் சுவர், இரும்பு விளக்கு, பட்டியலில் பண்ணையின் பெயர். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், தட்டில் வருவது அப்படி இல்லை.

அதனால் நல்ல உணவகங்கள் இரண்டை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று நாபா பள்ளத்தாக்கில், செயின்ட் ஹெலினா ஊரில் இருக்கும் ஃபார்ம்ஸ்டெட். இன்னொன்று சொனோமா பள்ளத்தாக்கில், கிளென் எலன் ஊரில் இருக்கும் கிளென் எலன் ஸ்டார். முதலாவது 2010-இல் தொடங்கியது, அடுத்தது 2012-இல். இரண்டிலும் விறகு நெருப்புதான் சமையலின் உயிர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒயின் தொழிலில் ஊறிய ஒரு குடும்பம் இருக்கிறது. நடுவே நிற்பது மாயகாமாஸ் மலை மட்டும்தான். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

முதலில் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

நாபாவில் ஒரு காலத்தில் பிளம் மரத் தோப்புகளும் வால்நட் மரங்களும் நிறைய இருந்தன. இன்று அந்த மாவட்டத்தின் விவசாய வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் ஒயின் திராட்சையிலிருந்து வருகிறது. 1976-இல் பாரிஸில் ஒயினின் பெயரை மறைத்து நடத்திய ருசிப் போட்டியில் நாபா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தியதும் ஊரின் பெயர் உலகம் முழுக்கப் பரவி, நிலத்தின் விலை எகிறியது. 1968-இலேயே வேளாண் பாதுகாப்புப் பகுதி என்று சட்டம் போட்டதால் வீட்டுமனைகள் நிலத்தை விழுங்காமல் தப்பித்தது. ஆனால் அந்த நிலத்தில் கத்தரியும் தக்காளியும் போடச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. கேபர்னே சாவிஞான் திராட்சை கொடுக்கும் காசை எந்தக் காய்கறியாலும் கொடுக்க முடியாது.

சொனோமா கதை வேறு. அங்கேயும் திராட்சைதான் ராஜா, ஆனால் மற்ற விவசாயம் இன்னும் செத்துவிடவில்லை. பெட்டலூமா ஊர் ஒரு காலத்தில் முட்டைக்கும் கோழிக்கும் உலகப் பெயர் பெற்றது. இன்றும் அந்தப் பக்கம் பால் பண்ணைகள் உண்டு. செபாஸ்டபோல் பக்கம் கிராவன்ஸ்டைன் ஆப்பிள் தோப்புகள், பினோ நுவா திராட்சைக்கு இடம் விட்டுச் சுருங்கினாலும், மிச்சம் இருக்கின்றன. பிரான்ஸில் ஆட்டுப்பால் சீஸ் செய்யக் கற்றுக்கொண்ட லாரா செனெல் 1979 வாக்கில் தொழில் தொடங்கியதும் சொனோமா மாவட்டத்தில்தான். அவருடைய சீஸை வாங்கிச் சாலட்டில் வைத்துப் பிரபலமாக்கியது பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-இல் திறந்த ஷே பனீஸ். இந்த வகைச் சாப்பாடு கலிஃபோர்னியாவில் பரவ அந்த உணவகம்தான் முக்கியக் காரணம். ஆக, சொனோமாவில் சமைப்பவருக்கு அக்கம்பக்கத்தில் வாங்க ஆள் இருக்கிறது. நாபாவில் சமைப்பவர் தானே விளைவிக்க வேண்டும், இல்லையென்றால் மலை தாண்டி வாங்க வேண்டும்.

ஃபார்ம்ஸ்டெட் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. லாங் மெடோ ரான்ச் என்ற பண்ணையின் உணவகம் இது. மெக்கின்ஸி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்த டெட் ஹாலும் அவர் மனைவி லாடி ஹாலும் 1989-இல் மாயகாமாஸ் மலைச்சரிவில் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பண்ணை ஒன்றை வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நட்ட ஆலிவ் மரங்கள் புதருக்குள் மறைந்து கிடந்தன. அவற்றை மீட்டு எண்ணெய் ஆட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் மாடு, கோழி, தேனீ, காய்கறி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சாணமும் திராட்சைச் சக்கையும் எருவாகி மறுபடி மண்ணுக்கே போகும். எல்லாம் இயற்கை விவசாயம்.

இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அவர்களுடைய காய்கறித் தோட்டம் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. ரதர்ஃபோர்ட் என்றால் நாபாவிலேயே கேபர்னேவுக்குப் பெயர்போன மண். அங்கே ஒவ்வொரு பாத்தி கீரையும் ஒரு வரிசைத் திராட்சைக் கொடியின் வருமானத்தை விட்டுக்கொடுத்து நிற்கிறது. பட்டியலில் பண்ணைப் பெயரை அச்சடிப்பது யாருக்கும் எளிது. அந்த மண்ணில் பீட்ரூட் போடுவது எளிதல்ல.

உணவகம் முன்பு செடி விற்கும் நர்சரியாக இருந்த ஒரு கொட்டகை. உயரமான கூரை, திறந்த சமையலறை, வெளியே மரநிழலில் மேசைகள். குழந்தைகள் ஓடலாம், பெரியவர்கள் சாய்ந்து உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். சாப்பாடு அமெரிக்கக் கிராமத்து வீட்டுச் சாப்பாட்டின் தேர்ந்த வடிவம். செடார் சீஸ் போட்ட பிஸ்கட்டை முதலில் சொல்லுங்கள். நம் ஊர் டீக்கடை பிஸ்கட் என்று நினைத்துவிட வேண்டாம், இது உப்பிய மெத்தென்ற சூடான ரொட்டி. மேல்புறம் மொறுமொறுப்பாக இருக்கும், பிய்த்தால் உள்ளே ஆவி வரும், தேன் கலந்த வெண்ணெய் தடவியதும் உருகி ஓட்டைகளுக்குள் இறங்கிவிடும். விறகில் சுட்ட ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய், பண்ணை மாட்டிறைச்சியில் செய்த பர்கர், பன்றி இறைச்சித் துண்டு ஆகியவையும் பெயர் பெற்றவை. எதிலும் மசாலா ஆர்ப்பாட்டம் இருக்காது. பொருள் நன்றாக இருக்கிறது, கெடுக்காமல் கொடுக்கிறோம் என்ற நிதானம். சில நாக்குகளுக்கு அந்த நிதானம் கொஞ்சம் சப்பென்று தோன்றலாம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலை தாண்டினால் கிளென் எலன். எழுத்தாளர் ஜாக் லண்டன் பண்ணை வைத்து வாழ்ந்து 1916-இல் மறைந்த ஊர். அந்தப் பண்ணை இப்போது மாநிலப் பூங்கா. கடைவீதி என்று சொல்ல நாலு கட்டடம்தான், அதில் ஒரு சின்ன வீடுதான் கிளென் எலன் ஸ்டார். ஃபார்ம்ஸ்டெட்டின் கொட்டகையோடு ஒப்பிட்டால் இது அதன் ஒரு மூலைக்குக் காணாது. நடத்துபவர் ஆரி வைஸ்வாசர். இவர் பயின்ற இடங்களில் ஒன்று நாபாவின் யவுன்ட்வில்லில் உள்ள ஃபிரெஞ்ச் லாண்ட்ரி என்ற ஆடம்பர உணவகம். அங்கிருந்து வந்தவர் வெள்ளை மேசைவிரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு விறகு அடுப்பின் முன்னால் நின்றார்.

அவர் மனைவி பென்ஸிகர் ஒயின் குடும்பத்தைச் சேர்ந்தவர். மாமனார் மைக் பென்ஸிகர் தங்கள் திராட்சைத் தோட்டத்தை 2000-இலேயே பயோடைனமிக் முறைக்கு (பண்ணை முழுவதையும் ஒரே உயிராகப் பார்க்கும் இயற்கை விவசாயம்) மாற்றிச் சான்றிதழ் வாங்கியவர். 2015-இல் ஒயின் நிறுவனத்தை விற்ற பிறகு அவர் கவனம் சிறு பண்ணைக் காய்கறிக்குத் திரும்பியது. அங்கே விளைவது மருமகன் அடுப்புக்கு வருகிறது. மற்றதெல்லாம் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வாங்குவது. நிலத்தை முழுக்கச் சொந்தமாக வைத்துக்கொண்டு நடத்தும் ஹால் குடும்பத்தின் முறைக்கும் இதற்கும் நிறைய தூரம். ஆனால் சமையல்காரருக்கு இது கொடுக்கும் சுதந்திரம் பெரிது. இந்த வாரம் எவர் தோட்டத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கலாம். தன் பண்ணையில் விளைந்ததை எப்படியாவது தீர்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி குறைவு.

இங்கே அடுப்புக்கு எதிரே உள்ள நாற்காலி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். காலிஃபிளவரை அந்த அனலில் வாட்டி, தஹினி என்ற எள் விழுதை ஊற்றி, பாதாமும் புளிப்பான சுமாக் பொடியும் தூவித் தருவார்கள். ஓரங்கள் கறுகி, நடுத்தண்டு இன்னும் கடிபடும் பதத்தில் இருக்கும். அந்தக் கறுகலும் எள்ளின் கசப்பும் சேர்ந்து வரும் ருசி நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். இன்னொன்று, செங்கல் பாரம் வைத்து வாட்டிய கோழி. தோல் அப்பளம்போல நொறுங்கும். கூடவே தேங்காய்ப்பால் குழம்பும் ஒட்டும் பதத்தில் வெந்த சோறும் வரும். ஒயின் நாட்டின் நடுவில் தேங்காய்ப்பால் வாசனை வந்ததும் ஊரிலிருந்து வந்த அத்தை முகம் மலர்வதை நீங்களே பார்க்கலாம். கடைசியில் அவர்களே செய்யும் ஐஸ்கிரீம். பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனால் காலிஃபிளவரும் கோழியும் பல வருடமாக வாடிக்கையாளர்கள் தேடி வருகிற அயிட்டங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு எது? சந்தேகமே இல்லாமல் கிளென் எலன் ஸ்டார். விறகு அடுப்புக் காய்கறி வகைகளையும் பீட்சாவையும் நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் வயிறும் நிறையும், மனசும் நிறையும். ஃபார்ம்ஸ்டெட்டில் காய்கறி அருமையானது, ஆனால் அந்த உணவகத்தின் இதயம் இறைச்சியில் இருக்கிறது. இரண்டிலும் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது. காய்கறி என்று பெயர் போட்டிருந்தாலும் பன்றி இறைச்சித் துணுக்கோ நெத்திலி மீனோ உள்ளே இருப்பது அந்த ஊர்ச் சமையலில் சர்வசாதாரணம்.

ஒயின் விஷயத்தில் ஃபார்ம்ஸ்டெட்டில் அவர்கள் தோட்டத்து ஒயினையே கிளாஸில் ஊற்றுவார்கள். அதே மண்ணின் கீரை, அதே மண்ணின் ஒயின். கிளென் எலன் ஸ்டாரில் சொனோமாவின் சிறு தயாரிப்பாளர்களைத் தேடிப் பார்ப்பது சுவாரஸ்யம். குடிக்காதவர்களுக்கு இரண்டு இடத்திலும் குறை இல்லை. செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பட்டியல் விலையோடு வரியும் டிப்பும் சேர்ந்தால் கால் பங்குக்கு மேல் ஏறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே தத்துவத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்றால் ஹீல்ட்ஸ்பர்க்கில் சிங்கிள்த்ரெட் இருக்கிறது. டிரை கிரீக் பள்ளத்தாக்கில் 24 ஏக்கர் சொந்தப் பண்ணை, உணவகங்களுக்கான மிச்செலின் மதிப்பீட்டில் உச்சமான மூன்று நட்சத்திரம், ஒயின் இல்லாமலே ஆளுக்கு 400 டாலருக்கு மேல். அற்புதமான வேலைதான். ஆனால் அது மண்வாசனைக் கிராமத்து உணவகம் அல்ல, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஃபிரெஞ்ச் லாண்ட்ரிகூட 1978-இல் டான், சாலி ஷ்மிட் தம்பதி தொடங்கியபோது, சாலி அன்றைக்குச் சமைத்ததை எல்லோரும் சாப்பிடும் எளிய இடமாகத்தான் இருந்தது. தாமஸ் கெல்லர் 1994-இல் வாங்கிய பிறகுதான் அது வேறு உயரத்துக்குப் போனது.

சரி, எங்கே போவது? விவசாயத்துக்காக என்றால் ஃபார்ம்ஸ்டெட். அந்த மண்ணில் அவர்கள் செய்வது துணிச்சலான வேலை, அதற்கு நம் காசு போவதில் எனக்கு மகிழ்ச்சி. சமையலுக்காக என்றால் கிளென் எலன் ஸ்டார், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. கைக்குழந்தையும் தாத்தா பாட்டியுமாக எட்டுப் பேர் போகிறீர்கள் என்றால் மறுபடியும் ஃபார்ம்ஸ்டெட்தான், சின்ன வீட்டுக்குள் அத்தனை பேரை நெருக்க வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்கவும் முடியும். கிளென் எலன் ஸ்டார் மாலையில்தான் திறக்கும் என்பதால் மதியச் சாப்பாட்டை செயின்ட் ஹெலினாவில் லேசாக முடித்துக்கொண்டு, தெற்கே ஓக்வில் வந்து, ஓக்வில் கிரேடு, டிரினிட்டி ரோடு வழியாக மலையைக் கடந்துவிடலாம். வளைவுகள் கடுமையானவை. வண்டியில் தலைசுற்றும் ஆள் இருந்தால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், ஓட்டுபவர் மதியம் ஒயின் பக்கமே போகக் கூடாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடைக் காலம், தக்காளியும் அத்தியும் உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அப்படியே. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கொடிகளுக்கு நடுவே கடுகு பூத்து மஞ்சளாகக் கிடக்கும். தட்டில் கசப்புக் கீரையும் பீட்ரூட்டும் ஆரஞ்சும் வரும், மேசையும் எளிதாகக் கிடைக்கும். மற்ற நாட்களில் வார இறுதிக்கு, குறைந்தது இரண்டு வாரம் முன்னால் இடம் சொல்லி வைத்துவிடுங்கள்.