செட்டில்மென்ட் வழியாக வந்த சொத்தை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

முழுக் கிரயத் தொகையும் கொடுத்து, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டி, முறையாகப் பத்திரம் பதிந்து வாங்கிய வீடு இப்போது எங்களுடையது இல்லை. விற்றவர் இறந்ததோடு எங்கள் உரிமையும் முடிந்தது, வீட்டைக் காலி செய்து ஒப்படையுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மிரட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் வக்கீலிடம் காட்டினால், நோட்டீஸில் இருப்பது பெரும்பாலும் சரி என்கிறார்.

விற்ற பெரியவருக்கு அந்த வீடு அவருடைய அப்பா எழுதிவைத்த செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) மூலம் வந்தது. பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயரில். வில்லங்கச் சான்றில் அப்பா மகனுக்கு எழுதிய செட்டில்மென்ட் ஒரே பதிவு, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூலப் பத்திரத்தைக் கேட்டோம், புரோக்கர் ஜெராக்ஸ் கொடுத்தார். அதில் நடுவில் ஒரு பக்கம் இல்லை. கேட்டதற்கு, அதில் வெறும் நான்கெல்லை விவரம்தான், ஜெராக்ஸ் கடையில் விட்டுப்போயிருக்கும் என்றார். ஒரிஜினலைப் பதிவன்று அலுவலகத்தில் காட்டிவிட்டு, அதே பத்திரத்தில் அவர்களுக்கு இன்னொரு மனையும் அடங்கியிருக்கிறது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இவர் முழு உரிமையாளர் என்று எழுத்தில் கருத்துரை தந்த வக்கீலை ஏற்பாடு செய்ததும் அதே புரோக்கர்தான் என்பது பின்னால் தெரிந்தது.

நோட்டீஸ் வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு முழுப் பத்திரத்தையும் எடுத்தோம். அந்த நடுப்பக்கத்தில் இருந்தது நான்கெல்லை இல்லை. மகன் தன் ஆயுள்காலம் வரை எந்த வில்லங்கமும் செய்யாமல் சொத்தை அனுபவித்து வரவேண்டியது, அவர் காலத்துக்குப் பிறகு பேரன்கள் இருவரும் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திரமாய் (தானம் செய்யவும் பரிமாற்றம் செய்யவும் விற்கவும் முழு உரிமையோடு) அடைந்துகொள்ள வேண்டியது என்று, அப்போதே பிறந்திருந்த இரண்டு பேரன்களின் பெயரையும் போட்டுத் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் தற்செயலாக விட்டார்கள் என்று நான் ஒருபோதும் நம்பமாட்டேன்.

ஆக அந்தப் பெரியவருக்கு இருந்தது ஆயுள்கால உரிமை மட்டும். தன்னிடம் எவ்வளவு இருக்கிறதோ அதைத்தான் ஒருவர் விற்க முடியும். கிரயப் பத்திரத்தில் "முழு உரிமை" என்று எத்தனை முறை எழுதினாலும், அவர் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமைதான் எங்களுக்கு வந்தது. பட்டா, வரி ரசீது எதுவும் இதை மாற்றாது, அவை உரிமை மூலம் ஆகாது. வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் வகையையும் ஆட்களையும் காட்டுமே ஒழிய, உள்ளே போட்ட நிபந்தனையைக் காட்டாது.

புரோக்கரைப் போய்க் கேட்டபோது அவர் சொன்ன சமாதானங்களையும் எழுதுகிறேன், உங்களிடமும் இதையே சொல்வார்கள்.

இளைய பேரன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார், அந்தப் பாதி தானாகப் போய்விட்டது என்றார். போகவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 19ஆம் பிரிவின்படி இப்படிப் பெயர் சொல்லிக் கொடுத்த உரிமை அப்போதே அவரிடம் நிலைபெற்றுவிடுகிறது, அனுபவத்துக்கு வரும் முன் இறந்தாலும் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். நோட்டீஸ் அனுப்பியதே அவருடைய மனைவிதான், தனக்கும் மைனர் குழந்தைக்கும் சேர்த்து. (அந்தச் சமயத்தில் உயிரோடு இருக்கும் பேரன்களுக்கு என்று எழுதியிருந்தால் கதை வேறு, அது 21ஆம் பிரிவில் வரும் நிச்சயமில்லாத உரிமை. அதனால் ஒவ்வொரு வரியும் முக்கியம்.) அந்தப் பெண் மீது எங்களுக்குக் கோபம் இல்லை, குழந்தையின் சொத்தைத்தான் அவர் கேட்கிறார்.

அடுத்து, மூத்த பேரன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார். போட்டிருக்கிறார், ஆனால் சாட்சியாக. சாட்சிக் கையெழுத்து அவருடைய பங்கை எங்களுக்கு விற்றதாக ஆகாது. அவருக்கு எல்லாம் தெரியும், பணத்திலும் பங்கு போனது என்று நாங்கள் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறோம், அதை நிரூபிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

அப்புறம், 12 வருடம் அனுபவித்தால் சொத்து உங்களுக்குத்தான் என்றார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 65ஆம் இனத்தின் விளக்கத்திலேயே பதில் இருக்கிறது. பின்னுரிமை உள்ளவருக்கு (ஆயுள்கால உரிமையாளருக்குப் பிறகு சொத்தை அடையவேண்டியவருக்கு) எதிராக அந்தக் காலம் ஓடத் தொடங்குவதே ஆயுள்கால உரிமை முடிந்து அவருக்குச் சொத்து வரவேண்டிய நாளிலிருந்துதான். பெரியவர் இருக்கும்போது நாங்கள் எத்தனை வருடம் குடியிருந்திருந்தாலும் அது கணக்கில் வராது.

பணம்? தனக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்று விற்பவர் உறுதி தந்ததாகவே சொத்து மாற்றுச் சட்டம் 55(2)ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது, அதை வைத்து வழக்குப் போட்டிருக்கிறோம். ஆனால் விற்றவர் இல்லை, வாரிசுகளிடம் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வசூலிக்க முடியும். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். கமிஷன் வாங்கிய புரோக்கர் இப்போது போனை எடுப்பதில்லை.

விற்பவர் இந்துப் பெண்ணாக இருந்தால் இன்னொரு வாதம் வரும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவால் அம்மாவுக்கு முழு உரிமை வந்துவிட்டது என்பார்கள். ஜீவனாம்சத்துக்காகக் கொடுத்த சொத்தென்றால் அது சரியாக இருக்கலாம், 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. முன்பு எந்த உரிமையும் இல்லாதவருக்குச் செட்டில்மென்டோ உயிலோ புதிதாகக் கொடுத்த ஆயுள்கால உரிமை என்றால் 14(2)ஆம் உட்பிரிவில் வரும், முழு உரிமையாக மாறாமல் ஆயுள்கால உரிமையாகவே நின்றுவிடும். இரண்டில் எது என்று புரோக்கர் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

செட்டில்மென்ட் என்ற பெயரைப் பார்த்தாலே பதிவு அலுவலகத்திலிருந்து நீங்களே சான்றிட்ட நகல் எடுங்கள், விற்பவர் தரும் ஜெராக்ஸ் வேண்டாம். வக்கீலையும் நீங்களே தேடுங்கள். உள்ளே "ஆயுள்காலம் வரை", "காலத்துக்குப் பிறகு" என்று எது இருந்தாலும், பின்னால் அடையப்போகிறவர்கள் எல்லோரும் விற்பவர்களாகவே பத்திரத்தில் சேரவேண்டும். மைனருக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே இப்படி வாங்கிவிட்டு, விற்றவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால், இப்போதே பின்னுரிமைக்காரர்களிடம் பேசி அவர்கள் பங்கைத் தனிப் பத்திரமாக எழுதி வாங்கப் பாருங்கள். விற்றவரை உட்காரவைத்துப் பேசவும் பணம் கேட்கவும் அவர் இருக்கும்வரைதான் முடியும்.