கலங்கல் நீருக்கு ஏற்ற முதல் கேமரா: டிஜி-6 செட்டோடு சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. அதற்கான பிடி-059 ஹவுசிங் (நீர் புகாத மேலுறை), கேமராவையும் லைட்டையும் மாட்ட ஒரு சின்ன ட்ரே, ஒரு வீடியோ லைட், பிறகு சேர்ந்த ஒரு ஸ்ட்ரோப் (தனி ஃபிளாஷ்). சில வருடங்களாக இதே செட்தான். சென்னையில் இருப்பதால் பெரும்பாலும் புதுச்சேரியில்தான் டைவ். வாய்ப்பு அமைந்தால் அந்தமான். கடலுக்கடியில் படம் எடுக்க முதல் கேமரா தேடுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கேமரா பற்றி யார் கேட்டாலும், "எந்தக் கடலில் அதிகம் இறங்குவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். அந்தமானின் ஹேவ்லாக் தீவுப் பக்கம் நல்ல நாளில் 20 மீட்டர் தாண்டியும் கண்ணுக்குத் தெரியும். புதுச்சேரியில் பல நாட்கள் ஐந்தாறு மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். வடகிழக்குப் பருவமழையோடு ஆற்று வண்டல் கடலில் கலக்கும்போது அதுவும் குறையும். அப்படிப்பட்ட நீரில் மீன் கூட்டத்தையோ பெரிய பாறையையோ அகலமாக எடுத்தால் பச்சை மங்கல்தான் படத்தில் விழும். ஆனால் அதே நாளில், அதே பாறையில் ஊரும் ஒரு நுடிபிராங்க் (வண்ணமயமான கடல் நத்தை வகை) பளிச்சென்று வரும். லென்சுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்கூட இல்லையே! ஆகவே நம் கரையோரத்தில் டைவ் செய்கிறவருக்கு, மிக அருகில் போய் எடுக்கக்கூடிய கேமராதான் வேண்டும்.

டிஜி-6ஐ நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். இதன் மைக்ரோஸ்கோப் மோட் லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தொடங்கி 30 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும். அந்த மோடில் ஜூமும் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. கூச்ச சுபாவமுள்ள இறாலையோ வளைக்குள் இருக்கும் சின்ன மீனையோ முகத்துக்கு நேராகப் போய்த் தொந்தரவு செய்யாமல், கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்தே முழுச் சட்டத்தையும் நிரப்பலாம். தொடக்கநிலையில் இந்த அளவு மேக்ரோ (மிக நெருக்கப் படம்) இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் வேறு கேமராவை நான் பயன்படுத்தியதில்லை.

கோப்ரோ என்ற ஆக்‌ஷன் கேமராவும் நல்ல கருவிதான். வீடியோதான் உங்கள் விருப்பம், தெளிந்த நீரில்தான் இறங்குவீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். கிட்டத்தட்ட 30 செ.மீ.க்குள் வரும் எதையும் அது மங்கலாகத்தான் காட்டும். நம் ஊர்க் கலங்கலில் அது பெரிய குறை. போனுக்கான ஹவுசிங்குகளும் வந்துவிட்டன. ஆனால் வங்கிக் கணக்கு, டிக்கெட், தொடர்பு எண்கள் எல்லாம் இருக்கும் போனைக் கடலுக்குள் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா என்றால் பல சமயம் ஹவுசிங் விலை கேமரா விலையைத் தாண்டிவிடும். அதுவும் அந்த ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். முதல் செட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

இந்த கேமரா ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் ஆழம் தாங்கும். ஸ்நார்கெலிங் மட்டும் செய்கிறவருக்கு அது போதும். மிதக்கும் கைப்பட்டை ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், கேமரா தானாக மிதக்காது. ஸ்கூபா என்றால் கணக்கு வேறு. தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழான ஓபன் வாட்டர் 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது. பாறை ஓரத்தில் நுடிபிராங்கைப் பார்த்துக்கொண்டே போகும்போது 15 மீட்டர் தாண்டியது தெரியவே தெரியாது. ஹவுசிங் 45 மீட்டர் வரை தாங்கும். இன்னொரு நன்மை, ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருப்பது தானே நீர் தாங்கும் கேமரா. அதன் கதவுகள் சரியாகப் பூட்டியிருந்து, ஆழமும் 15 மீட்டரைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொடக்கக்காரருக்கு இந்த இரட்டைப் பாதுகாப்பு தரும் நிம்மதி பெரிது.

இனி வெளிச்சம். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் தயங்காமல் இங்கேதான் என்பேன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 5 மீட்டரிலேயே நன்றாகக் குறைந்துவிடும், 10 மீட்டருக்குக் கீழே அநேகமாக இருக்காது. அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். செக்கச்செவேலென்ற கடல் விசிறியும் ஆழத்தில் அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். கேமராவில் ஆழத்துக்கு ஏற்றபடி மூன்று நீரடி வொயிட் பேலன்ஸ் (நிறச் சரிசெய்தல்) இருக்கிறது, ஆழம் குறைந்த இடத்தில் ஓரளவு உதவுகிறது. ஆனால் இல்லாமல் போன நிறத்தை எந்த செட்டிங்காலும் வரவழைக்க முடியாது. கையோடு வெளிச்சம் கொண்டுபோனால்தான் நிறம்.

கேமராவின் சொந்த ஃபிளாஷை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கல். அது லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுவில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக எரியும். மார்கழிப் பனியில் ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டதுபோல. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் இந்தப் புள்ளிகள் வெகுவாகக் குறையும். ட்ரேயும், அதில் லைட்டைத் தாங்கும் வளைந்துகொடுக்கும் கையும் இதற்காகத்தான். லைட்டைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, அதன் ஓரக்கதிர் மட்டும் பொருள்மேல் படும்படி வைத்துப் பாருங்கள். ஒரே டைவிலேயே வித்தியாசம் தெரியும்.

லைட்டா, ஸ்ட்ரோபா? முதலில் வீடியோ லைட் வாங்குங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக் கற்கலாம், ஃபோகஸுக்கும் உதவும். நான் முதலில் வாங்கிய மலிவான லைட் சில மாதங்களிலேயே சுவிட்ச் வழியாக உப்பு நீரைக் குடித்துவிட்டது. ஆகவே இதில் மட்டும் விலையை மிச்சம் பிடிக்க வேண்டாம். கை பழகியபின் ஸ்ட்ரோப். கேமரா ஃபிளாஷ் ஃபைபர் கேபிள் வழியாக அதைத் தூண்டும். கேமரா ஃபிளாஷை மேனுவலில் முழு சக்தியில் 1/64 பங்குக்குக் குறைத்து வையுங்கள். அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும், பேட்டரியும் மிஞ்சும். ஸ்ட்ரோப் வந்த பிறகு லயன்ஃபிஷின் கோடுகளில் நான் பார்த்த சிவப்பு, அதுவரை என் படங்களில் வந்ததே இல்லை.

பராமரிப்பில் எல்லோரும் ஓ-ரிங் (ஹவுசிங் மூடியில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பற்றிச் சொல்வார்கள். முடியோ மணலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது, கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும், வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது. டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் உப்பு இறுகி பட்டன் சிக்கிக்கொள்ளும். நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. கடற்கரைக் காற்றின் ஈரத்தோடு ஹவுசிங்கை மூடினால், கீழே குளிர்ந்த நீரில் கண்ணாடியின் உட்புறம் பனி படரும். முந்தின இரவே ஏசி அறையில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவிடுங்கள். படகில் வெயில் படாமல் ஈரத் துண்டுக்குள் வையுங்கள். புது ஹவுசிங்கை முதல் டைவுக்குக் கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. எல்லா செட்டிங்கையும் நாமே வைக்கும் முழு மேனுவல் மோட் கிடையாது. சென்சார் சின்னது, அதனால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 போனாலே படம் சொரசொரக்கிறது. நான் முடிந்தவரை 100, 200இல் நிறுத்திக்கொள்கிறேன். ரா (RAW) கோப்பாக எடுத்து வைத்தால் பிறகு நிறம் சரிசெய்ய இடம் இருக்கும். லென்ஸின் 25 மி.மீ. அகலக் காட்சி, தட்டையான கண்ணாடி வழியாக நீருக்குள் 33 மி.மீ. லென்ஸின் காட்சி அளவுக்குச் சுருங்கிவிடும் (மி.மீ. எண் கூடினால் காட்சி குறுகும்). அந்தமானில் ஒரு முழுப் பவளத் திட்டையும் சேர்த்து எடுக்க ஆசைப்படும்போது இது உறுத்தும். அங்கே அடிக்கடி போகிறவர் காட்சியை அகலமாக்கும் வைட் கன்வர்ட்டர் லென்ஸுக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். மிதவைக் கட்டுப்பாடு (நீருக்குள் மூழ்காமலும் மேலெழாமலும் நிலையாக நிற்பது) கைவரும்வரை கேமராவே வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே காலில் மாட்டிய துடுப்பால் பவளத்தை உடைப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்தப் பவளம் அந்த அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆகியிருக்கும். படத்துக்காக ஒரு உயிரைத் தொடுவதோ இடம் நகர்த்துவதோ கூடவே கூடாது.

இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023இல் வந்த டிஜி-7ஐப் பார்க்கலாம். சென்சாரும் லென்ஸும் அடிப்படையில் அதேதான், சார்ஜ் செய்ய யூஎஸ்பி-சி வந்திருக்கிறது. பிடி-059 ஹவுசிங் அதற்கும் பொருந்தும். நல்ல நிலையில் பழைய டிஜி-6 கிடைத்தால் அதை வாங்கி, மிச்சப் பணத்தை லைட்டில் போடுங்கள். பேட்டரி மட்டும் புதிதாக இரண்டு வேண்டும். அந்தமான் விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. அந்தக் கைப்பையிலேயே உபரி ஓ-ரிங்கையும் கிரீஸ் குழாயையும் வைத்துக்கொள்ளுங்கள், தீவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.