காலா அசாருக்கு மாத்திரையா, ஒரே நாள் ஊசியா?

காலா அசார் என்பது நீடித்த காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் தரும் ஒட்டுண்ணி நோய். பீகாரில் மணல் ஈ பரப்பும் இதற்கு நீண்ட காலம் ஆண்டிமனி ஊசிதான் மருந்து. ஒட்டுண்ணி அதற்குப் பழகிப்போனதும் வேறு இரண்டு மருந்துகள் முன்னுக்கு வந்தன.

மில்டெஃபோசின், முதலில் புற்றுநோய்க்காக உருவானது. 2002-இல் இந்தியா அனுமதித்தது. வாயால் விழுங்கலாம், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம். ஆனால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டு. கருவைப் பாதிக்கும் என்பதால் பெண்கள் சிகிச்சைக்குப் பிறகும் சில மாதங்கள் கருத்தரிக்கக் கூடாது. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துபவரைக் குறை சொல்லவும் முடியாது; கூலி வேலைக்குப் போக வேண்டுமே.

லிபோசோம் ஆம்போடெரிசின், நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே முறை டிரிப்ஸில் ஏற்றினால் போதும். 2010-இல் வெளியான பீகார் ஆய்வில் சுமார் 96 சதவீதம் பேர் குணமானார்கள். விலை அதிகம், 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் பீகாரில் மட்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே ஒற்றை டோஸ் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

சரி, நாய்களுக்கு? மத்தியதரைக்கடல் நாடுகளில் இந்த நோயைத் தருவது இதன் நெருங்கிய உறவான வேறொரு இனக் கிருமி; அது தங்கிப் பெருகும் கிடங்கு நாய்தான். அங்கே நாய்களுக்கு மில்டெஃபோசினை அலோபியூரினால் என்ற இன்னொரு மாத்திரையுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நாய் தேறும், கிருமி முழுதாகப் போவதில்லை. ஆம்போடெரிசினை நாய்க்குத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை: கிருமி அதற்கும் பழகிவிட்டால் மனிதருக்கு எதைக் கொடுப்பது?