பதினொரு வருடமாக ஒரே எஞ்சின்: விடிகாலையில் மட்டும் முரண்டு பிடித்த கதை

என் மீன்பிடி வள்ளத்து எஞ்சினை 2014இல் பாவித்த எஞ்சினாகத்தான் வாங்கினேன். 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுகிற வகை. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையிலிருந்து கடனீரேரிக்குள் நண்டு வலைக்குப் போய் வர எனக்கு இதுவே தாராளம். ஓடத் தொடங்கிவிட்டால் குறை சொல்ல இடமில்லை. பிடிக்க வைப்பதுதான் பாடு.

முதல் நாலைந்து வருடம் மூன்றாவது இழுவையில் பிடித்துவிடும். 2019 மாரியில்தான் சேட்டை தொடங்கியது. விடிய நாலு மணிக்கு இருபது, முப்பது தரம் கயிறு இழுப்பேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருக்கும். கூடப் புறப்பட்ட வள்ளங்களின் வெளிச்சம் மண்டைதீவுப் பக்கம் போய் மறைந்திருக்கும். ஆனால் ஒருமுறை பிடித்துச் சூடாகிவிட்டால், வலையடியில் நிறுத்தினாலும் மறுபடி ஒரே இழுவைதான்.

எஞ்சின் திருத்துகிற ஒருவர், பிளக்கில் நெருப்புப்பொறி வர மின்சாரம் கொடுக்கிற கொயில் போய்விட்டது என்றார். மாற்றினோம். அப்புறம் அந்தப் பொறியை நேரத்துக்கு வர வைக்கிற சிடிஐ பெட்டி என்றார். அதையும் மாற்றினோம். ஒரு மாத உழைப்பு போனதே தவிர, விடிகாலைக் கூத்து அப்படியே இருந்தது. இப்போது யோசித்தால் என் மேலேயே கோபம் வருகிறது. பழுதான கொயில் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் காலை வாரும். என்னுடையது நேர்மாறாக, குளிரில் மட்டும் மக்கர் பண்ணியது.

கடைசியில் குருநகரிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். ஆயுதம் என்று அவர் கொண்டு வந்தது பிளக் கழற்றும் சாவி ஒன்று மட்டும். என்னை இருபது தரம் இழுக்கவிட்டு, இரண்டு பிளக்கையும் கழற்றி மூக்குக்குக் கிட்டே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஈரமும் இல்லை, மணமும் இல்லை.

“தம்பி, இவ்வளவு இழுத்தும் பிளக் காஞ்சு கிடக்குது. எண்ணெய் வரேல்ல. நீ என்னத்துக்கு நெருப்பைத் தேடுறாய்?”

தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்றுகிற குழாயில் இருக்கிற றப்பர் பல்ப்பை அமத்தச் சொன்னார். பதினைந்து தரம் அமத்தியும் அது இறுகவில்லை, பழுத்த தக்காளி மாதிரி தொளதொளவென்றே இருந்தது. குழாய் எஞ்சினில் பொருந்துகிற முனையைக் கழற்றினால், உள்ளே இருந்த சின்ன றப்பர் வளையம் நகம் பட்டதும் துண்டாகக் கையில் வந்தது. அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. பல்ப்பின் வால்வும் தேய்ந்திருந்ததால் இரவில் குழாயில் நின்ற எண்ணெய் தாங்கிக்கே திரும்பியிருக்கிறது. வளையத்தையும் பல்ப்பையும் மாற்றினோம். மறுநாள் ஐந்தாவது இழுவையில் பிடித்தது. கொயிலுக்குக் கொடுத்த காசை நினைத்து அன்று முழுக்க வயிறு எரிந்தது.

இன்னொன்று, மண்ணெண்ணெய் எஞ்சினுக்கே உரிய சங்கதி. மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் பிடிக்க வைத்து, சூடானதும் மாற்ற வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது, சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்த ஊருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நிறுத்தும்போதும் பெற்றோல் வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரை தெரிந்ததும் ஐந்து நிமிடம் பெற்றோலுக்குத் திருப்பி ஓடினால், குழாயிலும் காபரேட்டரிலும் அடுத்த நாளுக்கான பெற்றோல் நிற்கும். டூ ஸ்ட்ரோக் என்பதால் அந்தப் பெற்றோலிலும் ஒயில் கலந்திருக்க வேண்டும்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. கிடைத்ததை மோட்டார் சைக்கிளுக்கு வைத்துக்கொண்டு எஞ்சினை மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினேன். ஓகஸ்டில் அதுவும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் சில வாரம் தொழிலுக்கே போகவில்லை. திரும்ப எடுத்தபோது பிளக்கில் கரி, காபரேட்டரில் எண்ணெய் வருகிற சின்னத் துவாரமான ஜெட்டில் பிசின். கம்பியால் குத்தினால் ஓட்டை பெருத்துவிடும். மெல்லிய தங்கூசி, அதாவது நைலோன் நூல், துண்டை விட்டுத்தான் எடுத்தேன். புதுப் பிளக் வாங்கும்போது அதன் இலக்கத்தையும் பாருங்கள். என்ஜிகே பிளக்கில் இலக்கம் -10 என்று முடிந்தால் பொறி பாய்கிற முனை இடைவெளி 1 மில்லிமீற்றர். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் இருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும்.

இப்போது தினமும் ஓடினால் மூன்று இழுவை. இரண்டு நாள் சும்மா கிடந்தால் ஆறு, ஏழு. வயதான எஞ்சின், சிலிண்டருக்குள் அமுக்கம் (கொம்பிரஷன்) கொஞ்சம் இறங்கியிருக்கும், அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. முனை வளையம் இரண்டு எப்போதும் வள்ளத்துப் பெட்டியில் கிடக்கும்.

இந்த மாதிரிப் பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள், போன உடனே மூடியைத் திறந்து சிலிண்டரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். சரி, நாளை விடிய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.