சைஃபர் கமாண்டும் அதோட புள்ளிகளும்: மூணு வருச அனுபவம்

நேத்து உசிலம்பட்டில இருந்து மாப்ள ஒருத்தன் போன் போட்டு, பழைய லேப்டாப்ப விக்கப்போறேன், எல்லாத்தையும் டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன், போதும்லன்னு கேட்டான். போதாதுடான்னு ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் பேசி தொண்டை வறண்டு போச்சு. அதான் எழுதியே வச்சிருவோம்னு.

நமக்கு தொழில் மதுரை சுத்துப்பட்டுல விசேஷ வீடுகளுக்கு கம்ப்யூட்டர் மொய் எழுதுறது. ரெண்டு லேப்டாப்பு, ரெண்டு சின்ன பிரிண்டரு, பேரு ஊரு தொகை அடிச்சு கையோட ரசீது. யாரு எவ்வளவு செஞ்சாங்கங்குறது வெளிய போச்சுன்னா பங்காளிகளுக்குள்ள பேச்சே நின்னுரும். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு காதுகுத்து வீட்டுல, தம்பி என் கண்ணு முன்னாடியே அழிச்சிருப்பான்னாரு பெரியவரு, அழிச்சேன். அவரு மகன், காலேஜ் பய, அழிச்ச ஃபைல மீட்டு எடுக்குற ரெக்கூவாங்குற சாஃப்ட்வேர போட்டு பத்து நிமிசத்துல தோண்டி எடுத்து தாய்மாமன் வரி வரைக்கும் காட்டிட்டான். மூஞ்சிய எங்கிட்டு கொண்டு போய் வைக்கிறதுன்னே தெரியல.

விசயம் என்னன்னா, டெலீட்ங்குறது மொய் நோட்டுல அட்டவணைய மட்டும் அடிச்சு விடுறது மாதிரி, உள்ள எழுதுன பக்கம் அப்படியேதான் கெடக்கும், அதுக்கு மேல வேற ஏதாச்சும் எழுதுனாத்தான் போகும். குவிக் ஃபார்மேட்டும் இதே கததான்.

அன்னைலேர்ந்து விண்டோஸ்லயே இருக்குற சைஃபர்ங்குற கமாண்டுதான். காசு கெடையாது, விளம்பரம் கெடையாது. கமாண்ட் அடிக்கிற கறுப்பு ஸ்க்ரீன், அதான் கமாண்ட் ப்ராம்ப்ட், அத தொறந்து சைஃபர், ஸ்பேஸ், ஸ்லாஷ் டபிள்யூ, கோலன், அப்புறம் டிரைவ் பேரு, அவ்வளவுதான். இருக்குற ஃபைல தொடாது, காலி இடத்த மட்டும் மொதல்ல பூரா பூஜ்யம், அடுத்து பூரா எஃப்எஃப், அதாவது எல்லாமே ஒண்ணு, கடைசியா கண்ட மேனிக்கு நம்பருன்னு மூணு தடவ நெரப்பும். அதுக்கப்புறம் அதே ரெக்கூவாவ நானே ஓட்டிப் பாத்தேன், சில ஃபைலோட பேரு தெரியுது, தொறந்தா குப்பை. அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்குனேன்.

ஆனா அந்தப் புள்ளி இருக்கே! எவ்வளவு முடிஞ்சிருக்கு, இன்னும் எவ்வளவு நேரம், ஒண்ணும் சொல்லாது, கறுப்பு ஸ்க்ரீன்ல பைய பைய புள்ளி வச்சுக்கிட்டே போகும், மூணு வருசமா எத்தன புள்ளி வந்தா முடியும்னு எனக்குப் பிடிபடவே இல்ல. 500 ஜிபி டிஸ்க்குல முக்காவாசி காலின்னா ராத்திரி போட்டா விடிஞ்சுரும். ஒரு நாள் பாதில கரண்ட் போச்சு, பேட்டரி ஏற்கனவே செத்தது, லேப்டாப்பு ஆஃபாயிருச்சு. காலைல பாத்தா டிரைவ் ஃபுல்லுங்குது. மறுநாள் கல்யாணத்துல மொய் எழுத இடமில்ல! தேடுனா இ எஃப் எஸ் டி எம் பி டபிள்யூ பின்னு ஒரு ஃபோல்டரு, நெரப்புறதுக்கு அதுவே போட்டது, முடிஞ்சா தானா எடுத்துரும், நடுவுல நின்னா நாமதான் அழிக்கணும்.

கூட தொழில் பண்றவரு ஒருத்தரு 35 தடவ எழுதுனாத்தான் அழியும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அது கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பீட்டர் குட்மேன் 1996ல எழுதுன கட்டுரை, அந்தக் காலத்து டிஸ்க் வகை எல்லாத்துக்கும் சேத்துச் சொன்னது, இப்பத்த டிஸ்க்குக்கு அந்த 35ம் வேணாம்னு அவரே பின்னாடி எழுதிட்டாரு. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம்னா 35க்கு ரெண்டு நாளுக்கு மேல, முகூர்த்த நாள்ல நடக்குற காரியமா?

சுத்துற தட்டு இல்லாம சிப்புல எழுதுற எஸ்எஸ்டி டிரைவுக்கு மட்டும் இத நம்பாதீங்க. நாம எழுதச் சொன்ன எடத்துல அது எழுதாது, தேய்மானத்துக்குப் பயந்து வேற எடத்துல எழுதிக்கும். அதுக்கு டிரைவ்லயே செக்யூர் எரேஸ்னு தனியா இருக்கு, இல்லன்னா வாங்குன அன்னைக்கே என்க்ரிப்ட், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டு, பண்ணிரணும்.

இவ்வளவு பாராட்டிட்டு மாப்ளைக்கு நான் என்ன சொன்னேன்னா, ஹார்ட் டிஸ்க்க கழட்டி வீட்டுல வச்சுக்கிட்டு லேப்டாப்ப மட்டும் வித்துரு, சைஃபரும் வேணாம் ஒண்ணும் வேணாம். இவன் ராத்திரி பூரா உக்காந்து எனக்குப் போன் போட்டு இன்னும் எத்தன புள்ளின்னு கேப்பான்.

இத எழுத ஆரம்பிக்கும்போது பக்கத்து லேப்டாப்புல சனிக்கிழமை விசேஷத்துக்கு ஓட்டி விட்டேன். இன்னும் எஃப்எஃப்லதான் நிக்கிது.