அவுட்போர்டு கார்பரேட்டர்: மருந்து ஊற்றுவதா, கழற்றிக் கழுவுவதா, புதிதாக மாட்டுவதா?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, முழு வேகத்திலும் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் வேகத்தைக் குறைத்ததும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. சோக்கை (காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் விசை) இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது. நம் கிழக்குக் கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு இது. சின்ன விஷயம் என்று தள்ளிப்போட முடியாது. துறைமுகம் இல்லாத கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். அலை பார்த்து வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் எஞ்சின் நின்றால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும்.

இதற்கு நான்கு வழி சொல்வார்கள். பெட்ரோலில் மருந்து, அதாவது அழுக்கைக் கரைக்கும் திரவம் கலப்பது, கழற்றிக் கையால் கழுவுவது, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவது, புது கார்பரேட்டர் வாங்குவது. என் ஓட்டு கையால் கழுவுவதற்குத்தான். மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் சிறியது.

முதலில் குறை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சின் திணறும்போது எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்கள். அமுக்க அமுக்கத் தெளிந்து ஓடினால் எரிபொருள் பம்பையோ ஃபில்டரையோ குழாயையோ சந்தேகப்படுங்கள். அதனால் மாற்றம் இல்லை, சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் சீராகிறது என்றால் பெரும்பாலும் ஜெட் (எரிபொருளை அளந்து விடும் சிறு துளைத் திருகு) அடைப்புதான். குறைந்த வேகத்தில் நிற்பது பைலட் ஜெட் அடைப்பு, முழு வேகம் ஏறாமல் இழுப்பது மெயின் ஜெட் அடைப்பு. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வையும் மிதவையையும் பார்க்க வேண்டும்.

மருந்து கலப்பது

கழற்ற வேண்டாம், செலவும் கம்மி என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். எரிபொருள் காய்ந்து படிந்த மெல்லிய பிசினை இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆனால் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் எரிபொருள் அந்தத் துளை வழியாகப் போக வேண்டுமே! முழுசாக அடைத்த பைலட் ஜெட்டுக்குள் எதுவும் போகாது. திறந்திருக்கும் மெயின் ஜெட்தான் இன்னும் சுத்தமாகும். காற்று உள்ளே போகும் வாயில் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதும் அப்படித்தான். டூ ஸ்ட்ரோக்கில் அளவு மீறி அடித்தால் பேரிங், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். லேசாக இடறும் எஞ்சினுக்கு மருந்து சரி. அணைந்து போகும் எஞ்சினுக்கு அது நாளைக் கடத்தும் வேலை.

கழற்றிக் கையால் கழுவுவது

இதன் பெரிய லாபம், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை நாமே பார்த்துவிடலாம். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனித்தனிக் குமிழாக உருண்டால் அது தண்ணீர். குற்றவாளி டேங்க்தான், அதைச் சுத்தம் செய்யாமல் கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அதே நிலைதான். பழுப்பாகப் பிசுபிசுத்தால் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் தங்கியிருக்கிறது. இது ஸ்ப்ரேக்கு எளிதில் கரையும். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் உப்பும் அலுமினிய அரிப்பும். இதுதான் மோசமானது, எந்தத் திரவத்துக்கும் முழுசாக மசியாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த மூன்றாவது வகையை அதிகமாக்குகிறது. பெரும்பாலான அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் எத்தனால் அளவு 10 சதவீதம் வரைதான். நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பதோ 20 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும். மெயின் ஜெட் இருப்பதும் கிண்ணத்தின் அடிப்பக்கம்தான்.

ஜெட் பித்தளையில் செய்தது. அதன் தலையில் உள்ள காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் கை வைக்காதீர்கள், காடி மழுங்கிவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. பைலட் திருகை (குறைந்த வேகக் கலவையைச் சரிசெய்யும் திருகு) எடுக்கும் முன் மெதுவாக உள்ளே மூடி, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தால், வெளிச்சம் கூர்மையான விளிம்போடு முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. அதற்கு ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம், துளை பெரிதாகிக் கலவையே மாறிப்போகும். கரையில் எல்லார் வீட்டிலும் கிடக்கும் மெல்லிய தங்கூஸ் (நைலான்) நரம்பு போதும், அல்லது மின் வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி.

ஜெட்டைச் சுத்தம் செய்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஜெட்டுக்கு அப்பால் உடலுக்குள் போகும் வழியும் திறக்க வேண்டும். பைலட் வழியில் ஸ்ப்ரே அடித்தால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடித்துளைகளில் அது பீச்ச வேண்டும். எந்தத் துளையில் பீச்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, நேரே கண்ணில் அடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இந்த வேலை. பிறகு கம்ப்ரஸர் காற்று. மாட்டும்போது இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். அங்கே காற்று கசிந்தால் அடைப்பு இருந்தபோது வந்த அதே கோளாறு திரும்ப வரும். கேஸ்கெட், ஓ-ரிங், ஊசி வால்வு சேர்ந்த கிட் வாங்கிக்கொள்வது நல்லது.

அல்ட்ராசோனிக் தொட்டி

பைக் இன்ஜெக்டர் கழுவும் கடைகளில் இந்தத் தொட்டி இருக்கும். பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில், சூடான சோப்புத் தண்ணீரில் அதிரும். கை எட்டாத வளைவுகளில் படிந்ததை இது உதிர்த்துவிடும். கையால் கழுவியும் பைலட் வழி திறக்காதபோது இதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் மிதவை, ரப்பர், ஊசி வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். காரம் கூடிய திரவம் போட்டால் அலுமினியம் கறுத்துவிடும். கார்பரேட்டரை அப்படியே முக்கினால் வழிகளுக்குள் காற்று மாட்டிக்கொண்டு அந்த இடம் அழுக்காகவே இருக்கும், அவ்வப்போது திருப்பிப் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்துக் காய வைக்க வேண்டும். ஆக, கழற்றி மாட்டும் உழைப்பு இதிலும் குறையவில்லை.

புது கார்பரேட்டர்

கம்பெனிச் சரக்கு விலை கூடுதல், அதனால் பார்க்க அச்சு அசலாக இருக்கும் காப்பியைத் தேடிப் போகிறார்கள். எனக்கு இதில் பயம் உண்டு. ஜெட் அளவும் மிதவை உயரமும் கொஞ்சம் பிசகினாலே கலவையில் எரிபொருள் குறைந்துவிடலாம். ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று அர்த்தம். சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொண்டால், மிச்சப்படுத்திய காசு போல் பல மடங்கு போய்விடும். ஊசி உட்காரும் இடமோ த்ராட்டில் தண்டின் துளையோ அரித்துப் போயிருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள், அதுவும் அசலாக. மூன்று சிலிண்டருக்கு மூன்று கார்பரேட்டர் உள்ள எஞ்சினில் ஒன்றை மட்டும் மாற்றினால், மூன்றும் ஒரே நேரத்தில் திறக்கும்படி இணைப்பைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கழுவிய கார்பரேட்டர் எத்தனை நாள் தாங்கும் என்பது நிறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தது. இதிலும் இரண்டு கட்சி உண்டு. குழாயைப் பிடுங்கிவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓட்டுவது ஒன்று, வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்வது இன்னொன்று. ஓட்டிக் காயவைத்தாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கும், அதுதான் பிசினாகிறது. மழைக்காலத்தில் படகைப் பல வாரம் கரையேற்றி வைப்பவர்கள் திருகைத் திறப்பதே மேல். தினமும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் மட்டும், கரைக்கு வருமுன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்பரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.