‘புத்தம் புதியது’ என்று விற்ற ஹார்ட் டிஸ்க்: நாஸில் போடும் முன் ஃபார்ம் அறிக்கையைப் பாருங்கள்

வீட்டில் நாஸ் (பல ஹார்ட் டிஸ்க்குகளைப் போட்டு, நெட்வொர்க் வழியாக ஃபைல்களை வைக்கவும் எடுக்கவும் உதவும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் ஒரு டிரைவ் போய்விட்டு அவசரமாக மாற்று டிரைவ் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ‘புத்தம் புதியது, சீல் பிரிக்காதது’ என்று போட்டிருந்த ஒரு 16 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது வருடக்கணக்கில் எங்கோ ஓடித் தேய்ந்த பழைய டிஸ்க். அது எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை அழித்து, புதுசு மாதிரி விற்றிருக்கிறார்கள்.

என்னுடையது நாலு டிரைவ் போட்ட நாஸ், நாலையும் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு 5 அமைப்பு. ஒன்று போனால் தாங்கும், அதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்றும் போனால் மொத்தமும் போச்சு. ஒரு டிரைவின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே வந்தது. கூடவே 5ஆம் எண்ணும், அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும், ஏறியது. தரவு கடத்தும்போது வரும் பிழைகளைக் காட்டும் 199 மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்திருக்கலாம், இதில் அந்த வழியும் இல்லை. கடைசியில் நாஸே அந்த டிரைவை ஒதுக்கிவிட்டு பீப் அடிக்க ஆரம்பித்தது. முக்கியமான ஃபைல்களுக்குத் தனியாக பேக்கப் இருந்தது. ஆனாலும் அந்த நிலையில் நாளைக் கடத்த யாருக்கும் மனசு வராது. இந்த விற்பனையாளர்கள் பிழைப்பதே அந்த அவசரத்தை வைத்துத்தான்.

பெரிய சந்தைத் தளம் ஒன்றில் கடை போட்டிருந்த தனி விற்பனையாளர் அவர். நட்சத்திர மதிப்பீடு நன்றாகவே இருந்தது. விலையும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அடிமாட்டு விலை என்றால் யாரும் உஷாராகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

டிரைவ் வந்தது. பை ஒட்டியபடியே இருந்தது. ஆனால் கேபிள் செருகும் சாட்டா இணைப்பின் தங்க நிறப் பட்டைகளில் கீறல்கள், ஸ்குரூ துளைகளைச் சுற்றித் தேய்மானம். கேட்டதற்கு, “சார், ஃபேக்டரியில் டெஸ்ட் பண்ணும்போது அப்படி ஆகும்” என்று பதில். ஸ்மார்ட் அறிக்கையோ பளிச்சென்று இருந்தது. ஓடிய நேரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், ஒரு செக்டர்கூட மாற்றப்படவில்லை. அதை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாக நாஸில் செருகிவிடுவார்.

நான் செருகாததற்குக் காரணம் 2025 தொடக்கத்தில் வந்த செய்தி. பயன்படுத்திய சீகேட் டிரைவ்கள் பல கடைகளில் புதுசு என்று விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைஸ ஊடகம் அப்போது வெளியே கொண்டுவந்தது. ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் சீகேட் டிரைவ்களில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு உண்டு. அதில் 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடியதாக இருந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக மலைமலையாக வாங்கிக் குவித்து, பிறகு கழித்துவிட்ட டிரைவ்களாக இருக்கலாம் என்று சந்தேகம். அதே வருடம் கோலாலம்பூர் அருகே ஒரு கிடங்கில் சோதனை நடந்து, புதுசாக வேஷம் போட்ட டிரைவ்கள் நூற்றுக்கணக்கில் சிக்கின. தயாரித்த கம்பெனிக்கு இதில் பங்கில்லை, நடுவில் இருப்பவர்கள் செய்யும் வேலை இது.

எனக்கு வந்ததும் சீகேட்தான். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற டிரைவ் சோதிக்கும் மென்பொருளில் 7.4 பதிப்பிலிருந்து ஃபார்ம் பதிவேட்டைப் படிக்கலாம். டிரைவை நேரடியாக சாட்டாவில் இணைத்துப் படித்தேன். 27,000 மணிக்கு மேல் காட்டியது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான், கணக்குப் போட்டால் இடைவிடாமல் மூன்று வருடத்துக்கு மேல். டிரைவ் எந்த வருடம், எத்தனையாவது வாரம் தயாரானது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது, அதுவும் இதற்குப் பொருந்தியது. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டால், வேறு ஒரு சிஸ்டத்தின் பாகமாக விற்கப்பட்டது, தனி வாரண்டி கிடையாது என்றது.

பழைய டிரைவ் என்பதற்காகக் கோபமில்லை. பழையது என்று சொல்லி, பழையதற்கு உண்டான விலைக்குக் கொடுத்தால் பேக்கப் பெட்டிக்கு நானே வாங்குவேன். ஆனால் ரீபில்டுக்கு, அதாவது போன டிரைவில் இருந்ததை மாற்று டிரைவில் திரும்ப உருவாக்கும் வேலைக்கு, இப்படிப்பட்ட டிரைவைப் போடுவது வேறு விஷயம். ரெய்டு 5இல் ரீபில்ட் என்றால் மீதி மூன்று டிரைவ்களையும் முழுசாகப் படிக்க வேண்டும், 16 டெராபைட் மூன்று என்றால் 48 டெராபைட். சாதாரண டெஸ்க்டாப் டிரைவ்களின் விவரத்தாளில், சுமார் 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஒரு படிப்புப் பிழை வரலாம் என்கிற அளவைத்தான் உச்ச வரம்பாகத் தருகிறார்கள். நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை, சர்வர் ரக டிரைவ்களுக்கு வரம்பு இன்னும் பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. இருந்தாலும், மாற்றாகப் போட்ட டிரைவ் பாதி வழியில் படுத்துவிட்டால், ஏற்கெனவே வயதான அந்த மூன்றையும் மறுபடி முதலிலிருந்து விரட்ட வேண்டும். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

அப்புறம் விற்பனையாளரோடு மல்லுக்கட்டு. முதலில் “ஸ்மார்ட் ரிப்போர்ட்தான் சார் செல்லும், ஃபார்ம் என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது” என்றார். பிறகு பை பிரித்துவிட்டதால் ரிட்டர்ன் இல்லை என்றார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்கும் பிறகு, தளத்தில் நான் போட்ட விமர்சனத்தை நீக்கினால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறேன், டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம்.

தளத்தின் உதவி மையம் உடைந்த பாகத்தின் போட்டோவைக் கேட்டது. உடையவே இல்லாத டிஸ்க்கில் எதைப் படம் பிடிப்பது? புகாரில் ‘பழுது’ என்று போட்டதுதான் அங்கே சிக்கல். பழுது என்றால் மாற்றுப் பொருள் அனுப்பினால் போதும், அதே குவியலிலிருந்து இன்னொன்று வரும். ‘விவரிப்புக்கு மாறான பொருள்’ என்று புகாரை மாற்றி, ஸ்மார்ட் எண்ணையும் ஃபார்ம் எண்ணையும் சீரியல் நம்பரோடு ஒரே படத்தில் வைத்து அனுப்பினேன். வாரண்டி பக்கத்தின் படத்தையும் சேர்த்தேன். அதன் பிறகுதான் பணம் திரும்பியது. திருப்பி அனுப்பிய செலவு என் தலையில்.

இத்தனையும் நடந்தபோது நாஸை அணைத்தே வைத்திருந்தேன், தேவையான சில ஃபைல்களை எடுக்க மட்டும் போட்டேன். பிறகு தயாரிப்பாளரின் அங்கீகரித்த கடை ஒன்றில் வேறு டிரைவ் வாங்கி, ஃபார்ம் பார்த்து, டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை ஓட்டிவிட்டுத்தான் உள்ளே போட்டேன். இந்த அளவு டிரைவில் அந்தச் சோதனையே ஒரு நாள் பிடிக்கும். ரீபில்ட் ஒழுங்காக முடிந்தது.

சீகேட் அல்லாத டிரைவ் என்றால் ஃபார்ம் இருக்காது. வாரண்டி பக்கம், லேபிளில் உள்ள சீரியல் நம்பரும் டிரைவ் தானே சொல்லும் நம்பரும் ஒன்றா என்பது, இணைப்புப் பட்டைகளின் கீறல், இவற்றைத்தான் நம்ப வேண்டும். எதுவானாலும் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் பாருங்கள். உதிரியாக இருக்கட்டும் என்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் டிரைவையும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.